மூன்று தளத்துக்கும் ஒரே ஏர்கோன் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பல வருடம் வாடகை இடத்தில் சேலைக்கடை நடத்திவந்த நாங்கள், இப்போது சுங்கை சிப்புட் பட்டணத்தில் சொந்தமாக ஒரு மூன்று தளக் கடைவீடு வாங்கியிருக்கிறோம். வரிசையின் நடுவில் உள்ள கட்டடம். 22க்கு 70 அடி, முகப்பு மேற்குப் பார்த்தது. கீழ்த்தளத்தில் எங்கள் கடை. முதல் மாடியை டியூஷன் நடத்தும் ஆசிரியர் ஒருவருக்கு வாடகைக்குப் பேசிவிட்டோம். அங்கே மூன்று வகுப்பறையும் சின்ன அலுவலகமும் வரும். இரண்டாம் மாடியில் நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பிறந்தநாள் போன்ற நிகழ்ச்சிகளுக்கு 100 பேர் உட்காரும் மண்டபம் வைக்க நினைக்கிறோம். கூரை தகரம்.

மூன்று குத்தகையாளர்கள் வந்து பார்த்தார்கள். ஈப்போவிலிருந்து வந்தவர் கட்டடம் முழுவதற்கும் விஆர்எஃப் (ஒரு பெரிய வெளியூனிட்டிலிருந்து பல அறைகளைக் குளிரவைக்கும் ஏர்கோன்), 28 எச்பி, 130,000 ரிங்கிட் என்கிறார். உள்ளூர்க்காரர் தனித்தனி இன்வெர்ட்டர் யூனிட்டுகள், மொத்தம் 24 எச்பி, 68,000 ரிங்கிட் என்கிறார். மூன்றாமவர், மூடிய சூப்பர்மார்க்கெட்டிலிருந்து கழற்றிய டக்ட் (காற்றுக்குழாய்) ஏர்கோனை 35,000 ரிங்கிட்டுக்கு மாட்டித் தருகிறாராம். 40 எச்பி, ஆர்-22 கேஸ். வங்கிக் கடன் ஏற்கெனவே கழுத்தைப் பிடிக்கிறது. என் மாமியாரோ, “கண்ணாடிக் கதவு போட்டு அடைத்தால் தோட்டத்துச் சனம் உள்ளே வரத் தயங்கும்” என்கிறார். தீபாவளிக்கு முன் கடையைத் திறக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

– வாசகி, சுங்கை சிப்புட், பேரா

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். சொந்தக் கட்டடம் அமைந்ததற்கு வாழ்த்துகள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது விலை இல்லை. ஒரே கட்டடத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் 24 என்கிறார், ஒருவர் 28, இன்னொருவர் 40. மூவரில் ஒருவராவது வெப்பச் சுமைக் கணக்கை, அதாவது உள்ளே எவ்வளவு வெப்பம் சேரும், அதை வெளியேற்ற எவ்வளவு திறன் வேண்டும் என்ற கணக்கை, எழுத்தில் கொடுத்ததாக நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் வரும் எந்த விலைப்பட்டியலும் ஊகம்தான். ஏர்கோன் துறையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறு இது. முதலில் பிராண்டைப் பேசுவார்கள், அப்புறம் எச்பியைப் பேசுவார்கள். அந்த இடத்தில் யார், எத்தனை மணி நேரம், எத்தனை பேராக இருக்கப்போகிறார்கள் என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை. உங்கள் கட்டடத்தில் விடையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கட்டடம் ஒன்றுதான். ஆனால் உள்ளே நடக்கும் வேலை மூன்று விதம். கடை வாரம் முழுக்கக் காலையிலிருந்து இரவுவரை ஓடும். டியூஷன் பள்ளிவிட்ட பிறகுதான் தொடங்கும். மண்டபம் சனி, ஞாயிறில் சில மணி நேரம், அதுவும் முழுக் கூட்டத்தோடு. மின்கட்டணம் கட்டப்போகிறவர்களும் வேறு வேறு ஆட்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி யூனிட்டுகள் போடுங்கள். கடைக்குச் சீலிங்கில் பதிக்கும் நல்ல இன்வெர்ட்டர் கேசட், வகுப்பறைகளுக்குச் சிறிய இன்வெர்ட்டர் யூனிட்டோடு புதுக்காற்றுக்கு ஏற்பாடு, மண்டபத்துக்கு எளிமையான பெரிய யூனிட்டுகள். அதற்கும் முன்னால் கூரைக்குச் செலவு செய்யுங்கள். உள்ளூர்க்காரரின் யோசனை இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் அவருடைய 24 எச்பி போதாது என்று நினைக்கிறேன்.

பழைய டக்ட் ஏர்கோனை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி நம்மைப் போன்ற வளரும் நாடுகள் 2030க்குள் அதன் பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதும் கைவிட வேண்டும். மலேசியாவில் சிறிய ஆர்-22 ஏர்கோன்கள் 2015 முதலே புதிதாக விற்பனைக்கு வருவதில்லை. கேஸ் வரத்து குறையக் குறைய விலை ஏறும். ஒரு கசிவு வந்தால் நிரப்புவதற்கே ஒரு தொகை போய்விடும். அதோடு, கழற்றி லோரியில் ஏற்றி வந்த குழாயிலும் கம்ப்ரசரிலும் ஈரமும் தூசும் புகுந்திருக்கும். சூப்பர்மார்க்கெட்டின் பரந்த கூடத்துக்காக வடிவமைத்த டக்ட்டை 22 அடி அகலக் கட்டடத்துக்குள் திணித்தால் காற்று வேண்டிய இடத்துக்குப் போகாது. 35,000 ரிங்கிட் மலிவாகத் தெரியும். மின்கட்டணம் வரத் தொடங்கியதும் அப்படித் தெரியாது.

விஆர்எஃப் நல்ல தொழில்நுட்பம், அதில் சந்தேகம் வேண்டாம். டைக்கின் நிறுவனம் 1982-இல் விஆர்வி என்ற பெயரில் முதலில் கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. வெளியே ஒரு பெரிய யூனிட், உள்ளே பல யூனிட்டுகள். எந்த அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டுமோ அந்த அளவுக்குக் கேஸை அனுப்பும். கடை பகலில், டியூஷன் மாலையில், மண்டபம் வாரக்கடைசியில் என்று நேரம் மாறிமாறி வருவதால் எல்லாவற்றையும் கூட்டிய அளவுக்கு வெளியூனிட் தேவையில்லை. ஈப்போக்காரர் 28 எச்பியில் நின்றது அதனால் இருக்கலாம். குழாயை வெகு தூரம் இழுக்கவும் முடியும். பல அறைகள் உள்ள ஹோட்டலுக்கோ, ஒரே நிறுவனம் நடத்தும் அலுவலகக் கட்டடத்துக்கோ நானே அதைத்தான் சொல்வேன்.

உங்களுக்கு அது ஏன் வேண்டாம் என்றால், முதல் மாடியில் இருக்கப்போகிறவர் வாடகைக்காரர். வெளியூனிட் உங்கள் மீட்டரில் ஓடும், குளிர் அவர் வகுப்பறைக்குப் போகும். யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று பிரித்துக் காட்டத் தனி மென்பொருள் வாங்க வேண்டும். வாங்கினாலும் ஒவ்வொரு மாதமும் பில் வரும்போது பேச்சு வரும். நல்ல வாடகைக்காரரோடு மனத்தாங்கல் வர இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. தளத்துக்கு ஒரு டிஎன்பி (மின்வாரிய) மீட்டர், அந்த மீட்டரில் அந்தத் தளத்தின் ஏர்கோன். இப்படி வைத்துக்கொண்டால் அவரவர் கட்டணம் அவரவருக்கு.

இரண்டாவது காரணம் பழுது. விஆர்எஃப் வெளியூனிட்டின் மின்பலகை போய்விட்டால் அந்தக் குழாயில் இருக்கும் எல்லா அறையும் நின்றுவிடும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த தொழில்நுட்பர் ஈப்போவிலிருந்து வர வேண்டும், உதிரிப்பாகம் அதைவிடத் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தனித்தனி யூனிட்டுகளில் ஒன்று நின்றால் மற்றவை ஓடும், உள்ளூர்ப் பையன் ஒருவரே வந்து பார்த்துவிடுவார்.

சரி, கூரைக்கு வருவோம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்க மதிய வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே அடிக்கிறது. உங்கள் கட்டடம் வரிசையின் நடுவில் இருப்பதால் இரு பக்கச் சுவருக்கும் வெயிலே இல்லை. வெப்பம் வரும் வழி கூரை, மேற்கு முகப்பு, கொஞ்சம் பின்பக்கம், அவ்வளவுதான். நடு மதியத்தில் தகரக் கூரை 60 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தொடும். வணிகக் கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்கான மலேசியத் தர நிர்ணயம் எம்எஸ் 1525, இப்படிப்பட்ட இலேசான கூரையின் வழியே வெப்பம் கடக்கும் அளவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 0.4 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் தகரமும் அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டர் சீலிங்கும் இருந்தால் இதைப்போலப் பல மடங்கு உள்ளே வரும். உங்கள் கூரையின் பரப்பை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில், அலுமினியத் தாளும் தகுந்த தடிமனில் ராக்வூலும் (வெப்பம் தடுக்கும் பாறைப்பஞ்சு) போட்டால் மண்டபத்தின் சுமை இரண்டு மூன்று எச்பி அளவுக்குக் குறையும். ஒரு தடவை செய்தால் போதும். மின்சாரம் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். கூரையை முடிக்காமல் ஏர்கோன் அளவை முடிவு செய்யாதீர்கள்.

மேற்கு முகப்பில் மாடிக் கண்ணாடிகளுக்கு வெளியே நிழல் தரும் தடுப்பு வைக்க முடிந்தால் மிக நல்லது. உள்ளே போடும் திரை வெயில் உள்ளே வந்த பிறகுதான் வேலை செய்யும். கீழ்த்தளத்துக்கு அஞ்சடியின் (கடைமுன் நடைபாதையின்) நிழல் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது அளவு. நம் சந்தையில் 1 எச்பி என்றால் ஏறக்குறைய மணிக்கு 9,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன் என்று வைத்துக்கொள்ளலாம். விலைப்பட்டியலில் எச்பியோடு பிடியுவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே எச்பி போட்ட இரண்டு மாடல்களில் பிடியு வேறாக இருக்கும்.

கீழ்த்தளத்தில் கிடங்கு, கழிவறை போக விற்பனைப் பகுதி 1,200 சதுர அடி என்று எடுத்துக்கொண்டால், சதுர அடிக்கு 65 பிடியு வீதம் 78,000 பிடியு வருகிறது. 3 எச்பி கேசட் மூன்று போட்டால் சரியாக இருக்கும். சேலைக்கடையில் விளக்கு அதிகம். அதை எல்இடியாக மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு போதும். தோட்டங்களில் மாதம் பிறந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம், ஆக உங்கள் கடைக்குக் கூட்டம் எந்த வாரத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும். மற்ற நாட்களில் கடை பாதிகூட நிரம்பாது. இப்படிச் சுமை ஏறி இறங்குகிற இடத்தில்தான் இன்வெர்ட்டர் காசுக்குப் பலன் தரும். பாதிச் சுமையில் ஓடும்போது கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடையின் ஏர்கோன்கள் சராசரியாக 5 கிலோவாட் இழுத்து நாளுக்கு 11 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 1,650 யூனிட் மின்சாரம். சிறு வணிகருக்கு யூனிட்டுக்கு 50 சென் அளவில் வைத்தால் 825 ரிங்கிட். இன்வெர்ட்டர் அதில் கால்வாசியைக் குறைத்தாலே மாதம் 200 ரிங்கிட் மிச்சம். அதே கணக்கை மண்டபத்துக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிலோவாட், 5 மணி நேரம் என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு 60 யூனிட், 30 ரிங்கிட். மாதம் ஆறு நிகழ்ச்சி நடந்தாலும் 180 ரிங்கிட்டுதான். அங்கே கூட்டமும் நிறைந்திருக்கும், ஏர்கோன் முழு வேகத்தில்தான் ஓடும். இன்வெர்ட்டருக்கு அங்கே அதிக வேலை இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத பெரிய யூனிட்டுகள் கணிசமாக மலிவாகக் கிடைத்தால் மண்டபத்துக்குத் தயங்காமல் எடுக்கலாம். மிஞ்சும் பணத்தைக் கூரையிலும் புதுக்காற்றிலும் போடுங்கள்.

மண்டபத்தின் அளவு வேறு கதை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 400 பிடியு வெப்பம் வெளியே வருகிறது. 100 பேர் என்றால் 40,000 பிடியு. மனிதர்களுக்காக மட்டுமே நாலரை எச்பி போய்விடுகிறது. சாப்பாட்டுச் சூடு, விளக்கு, ஒலிபெருக்கி, கூரை, வெளிக்காற்று எல்லாம் அதற்கு மேலே. கூரைக்கு ராக்வூல் போட்ட பிறகும் 12 எச்பிக்குக் குறையாது. போடாவிட்டால் 14, 15 வரை போகும். சீலிங்கில் தொங்கும் 3 எச்பி யூனிட் நான்கை இரு பக்கமும் இரண்டிரண்டாக வையுங்கள். சின்னச் சின்னச் சுவர் யூனிட்டுகளை வரிசையாக மாட்டினால் காற்று மண்டபத்தின் நடுவரை எட்டாது. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு வைத்தால் சுவரும் தரையும் குளிர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம். மண்டபத்துக்கு ஏர்கோன் வாங்குவதற்கு முன் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திலும் தீயணைப்புத் துறையான போம்பாவிலும் அந்தத் தளத்தை 100 பேர் கூடும் இடமாகப் பயன்படுத்த அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டாம் மாடி, குறுகலான மாடிப்படி. தீப்பிடித்தால் அத்தனை பேரும் எப்படி வெளியேறுவார்கள் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லலாம், இன்னொரு வழி கேட்கலாம். அது தெரியாமல் நாலு பெரிய யூனிட் வாங்கிப் போட்டு என்ன செய்வது? டியூஷன் நிலையமும் கல்வி இலாகாவில் பதிவு பெற வேண்டும். உங்கள் வாடகைக்காரரிடம் அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

வகுப்பறைகள் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். சாதாரண ஸ்பிளிட் ஏர்கோன் வெளியிலிருந்து ஒரு துளி புதுக்காற்றையும் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்பவும் ஊதுகிறது. 300 சதுர அடி அறை, 25 பிள்ளைகள், குளிர் வெளியேறக்கூடாது என்று சன்னலெல்லாம் அடைப்பு. நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்புத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர வழிகாட்டி, கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. இறுக்கமாக மூடிய அறையில் 25 பேர் மூச்சு விட்டால் அந்த அளவைத் தாண்டக் கால் மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளுக்குக் கொட்டாவி, தலைவலி, கவனம் சிதறல். ஆசிரியர் பிள்ளைகளைக் குறை சொல்வார். தோட்டத்திலிருந்து மோட்டாரில் அழைத்து வந்து காசு கட்டிப் படிக்க வைக்கிற பெற்றோரின் பிள்ளைகள் அந்த அறையில் தூங்கி வழியக்கூடாது. எனக்கு இது மிக முக்கியம்.

அப்படியொரு அறைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 கன அடி வெளிக்காற்று வேண்டும். ஆனால் நம் மதியக் காற்று சூடும் ஈரமும் சேர்ந்தது. அதைக் குளிர வைக்கவே ஓர் அறைக்குக் கூடுதலாக ஒன்றரை, இரண்டு எச்பி பிடிக்கும். எனர்ஜி ரெக்கவரி வென்டிலேட்டர் என்று ஒரு சாதனம் உண்டு. வெளியே போகும் குளிர்ந்த காற்றையும் உள்ளே வரும் சூடான காற்றையும் கலக்காமல் ஒன்றையொன்று தொட்டுப்போகச் செய்து, குளிரின் பெரும்பகுதியை மீட்டுத் தரும். சீலிங்குக்கு மேலே வைத்துவிடலாம். அது இருந்தால் அறைக்கு இரண்டரையிலிருந்து 3 எச்பி போதும். அலுவலகத்துக்கு 1 எச்பி. வென்டிலேட்டருக்கு இப்போது பணம் இல்லையென்றால் குறைந்தது சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் வடிகட்டியோடு ஒரு காற்றுத் துவாரம், மணிக்கொரு முறை ஐந்து நிமிட இடைவேளையில் சன்னல் திறப்பு என்று தொடங்குங்கள். சீலிங் அடிக்கும்போதே டக்ட்டுக்கு இடம் விட்டுவைத்தால் பிறகு சேர்க்கலாம். மண்டபத்துக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். மூடிய கண்ணாடிக் கதவு “இது நமக்கான கடையில்லை” என்று சிலரை நினைக்க வைக்கும். வெட்டு வேலை முடித்து அதே உடையோடு வரும் பெண்கள் அஞ்சடியில் நின்றே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காக முன்பக்கம் முழுவதையும் திறந்துபோட்டு 9 எச்பியை ஓடவிட்டால் ரோட்டுக்குத்தான் குளிர் போகும். ஏர் கர்ட்டன் (வாசலுக்கு மேலிருந்து கீழ்நோக்கிக் காற்றை ஊதும் சாதனம்) ஓரளவு தடுக்கும், கதவுக்கு ஈடாகாது. நான் சொல்வது, கடையை இரண்டாகப் பிரியுங்கள். முன்பக்கம் 15, 20 அடியைத் திறந்த பகுதியாக விட்டு, சீலிங் ஃபேன் போட்டு, அன்றாடம் கட்டும் நூல் சேலை, கைலி, துண்டு, பள்ளி உடை எல்லாம் அங்கே வையுங்கள். யாரும் தயங்காமல் நுழைவார்கள். அதற்குப் பின்னால் சீலிங்வரை தெளிவான கண்ணாடித் தடுப்பும் தானாகத் திறக்கும் கதவும். பட்டுச் சேலை, முகூர்த்தச் சேலை உள்ளே. திறந்த பகுதியிலிருந்தே உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். இப்படிச் செய்தால் கீழ்த்தளத்துக்கு 3 எச்பி கேசட் மூன்றுக்குப் பதில் இரண்டரை எச்பி மூன்றோ 3 எச்பி இரண்டோ போதுமா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், செலவும் குறையும்.

பட்டைப் பற்றியும் ஒன்று. ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்தால் வெள்ளி கலந்த சரிகை கறுக்கும், மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். தேவைக்கு மேல் பெரிய ஏர்கோன், குறிப்பாக இன்வெர்ட்டர் இல்லாதது, சீக்கிரம் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும். 40 எச்பியை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். எம்எஸ் 1525 சொல்லும் 24 முதல் 26 பாகை உங்கள் கடைக்கு நன்றாகப் பொருந்தும். ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள், விலை அதிகமில்லை. இரவில் ஏர்கோன் நின்றதும் ஈரம் ஏறும் என்பதால் பட்டுக் கிடங்குக்கு ஈரத்தை எடுக்கும் ஒரு டிஹியூமிடிஃபையர் தனியாக வைத்துவிடலாம். கேசட்டின் காற்று நேராக அலமாரியில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டும் வடிகால் ஒன்று பல ஆயிரம் ரிங்கிட் சேலையைப் பாழாக்கிவிடும். கேசட்டும் அதன் தண்ணீர்க் குழாயும் அலமாரிக்கு நேர் மேலே வரக்கூடாது.

வெளியூனிட்டுகளை அஞ்சடியிலோ முகப்பிலோ வைக்க நகராண்மைக் கழகம் விடுகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின்சுவரோ கூரையோதான் நல்ல இடம். கட்டடத்தின் நடுவே திறந்த காற்றுவெளி இருந்தால் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்ட விடாதீர்கள். கீழ் யூனிட் கக்கும் சூட்டை மேல் யூனிட் உறிஞ்சும், மதியத்தில் எல்லாம் திணறும். பின்பக்கம் வைத்தால் முன்பக்கக் கேசட்டுக்குக் குழாய் 20 மீட்டரைத் தொடும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் நீளத்துக்குள் இருக்கிறதா, கூடுதல் கேஸ் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை அந்த மாடலின் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ் ஆர்-32ஆக இருக்கட்டும். ஆர்-410ஏ-யோடு ஒப்பிட்டால் புவி வெப்பத்துக்கு அதன் பங்கு மூன்றில் ஒன்றுதான். லேசாகத் தீப்பற்றும் தன்மை உண்டு, அதனால் பழக்கமுள்ளவரே மாட்ட வேண்டும். இரண்டு கேஸுமே ஆர்-22ஐவிட அதிக அழுத்தத்தில் ஓடுபவை. செம்புக் குழாயின் தடிமனை விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். 0.51 மில்லிமீட்டர் குழாயை ஏற்காதீர்கள், 0.71-க்குக் குறைய வேண்டாம். நைட்ரஜன் நிரப்பி அழுத்தச் சோதனை, பிறகு வெக்யூம் பம்ப். இரண்டும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். சிறிய சுவர் யூனிட்டுகளுக்கு எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை இருக்கும், வகுப்பறைக்கு ஐந்து நட்சத்திரமே வாங்குங்கள்.

நம் பக்கத்து மாலை இடிமின்னலும் பல்லியும் இன்வெர்ட்டர் பலகைகளுக்கு எமன். ஒவ்வொரு தளத்தின் டிபி (மின்பகிர்வு) பெட்டியிலும் மின்னெழுச்சித் தடுப்பான் வையுங்கள். வெளியூனிட்டில் கம்பி நுழையும் ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ரப்பர் தொழிற்சாலையோ செம்பனை ஆலையோ இருந்து வாடை வருகிற இடமென்றால், ரப்பர் பாலுக்குப் போடும் அமோனியாவும் ஆலைக் கழிவுநீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் செம்பை அரிக்கும். அந்த நிலையில் அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள காயில் கேளுங்கள்.

எல்லாம் சேர்த்து 28 முதல் 31 எச்பி வரும் என்பது என் மதிப்பீடு. ஒவ்வொரு தளத்துக்கும் இப்போது வரும் மின்சாரம் ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா என்று பதிவு பெற்ற மின் குத்தகையாளரை வைத்து இந்த வாரமே பாருங்கள். டிஎன்பியில் திறனை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த விண்ணப்பம்தான் எல்லாவற்றையும்விட நேரம் எடுக்கும். தீபாவளியை நம்பி வேலை செய்கிற உங்களுக்கு ஏர்கோன் வருவதைவிட மின்சாரம் வருவது முந்திக்கொள்ள வேண்டும்.

பணத்தை ஒரே நேரத்தில் செலவழிக்கவும் தேவையில்லை. முதலில் கூரை, மின்சாரம், கீழ்த்தளம். கடை திறந்துவிடலாம். வகுப்பறை யூனிட்டுகளை வாடகைக்காரர் நுழையும்போது போடுங்கள். மண்டபம் போம்பா அனுமதி கைக்கு வந்த பிறகு. தனித்தனி யூனிட் என்பதால்தான் இப்படித் தவணையாகச் செய்ய முடிகிறது.

உள்ளூர்க்காரரையும் ஈப்போக்காரரையும் திரும்பக் கூப்பிடுங்கள். ஈப்போக்காரரிடமும் தனித்தனி யூனிட்டுக்கு விலை கேளுங்கள். இருவரும் தளவாரியாக வெப்பக் கணக்கு, மாடல் எண், பிடியு, குழாய்த் தடிமன், வருடத்துக்கு எத்தனை சர்வீஸ், கெமிக்கல் வாஷ் எவ்வளவு என்று எழுதித் தரட்டும். மொத்தத் தொகையில் பத்து விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைக்குச் சம்பள வாரத்து முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் 25 பாகை நிற்கிறதா, மண்டபத்துக்கு முதல் நிகழ்ச்சியில் ஆட்கள் நிறைந்தபோது நிற்கிறதா என்று வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பாக்கியைக் கொடுங்கள்.